செள்ளுக்கு அடித்த மருந்து

கோழியின் படத்தை அனுப்பி, "இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம் மிஸ்ஸி?" என்று கேட்கிறவர்கள் பூச்சியைப் படம் எடுத்து அனுப்புவதில்லை. படத்தில் கோழி மட்டும் இருக்கும், அதுவும் பாதிக் கோழி. நான் பதில் எழுதுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். "பக்கத்து வீட்டுக்காரரு ஒரு மருந்து குடுத்திருக்காரு, அடிச்சிடவா?" அந்த இரண்டாவது செய்தியைப் படித்ததும் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உடனே போன் போட்டுவிடுவேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது செனாயில் இருக்கிறேன். இங்கே தாமான் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்புகளில் பின்பக்கத்துச் சந்தில்கூடக் கோழி வளர்க்கிறார்கள். இலாகாவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னையும் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் கேட்டாள்: "ஒரு பேன் மருந்துக்கு ஏன் மிஸ்ஸி இப்படிப் பதறுறீங்க?" போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் கால்நடை டாக்டர் இல்லை. கால்நடை இலாகாவில் உதவியாளராக வேலை பார்த்தவள். தோட்டத்து ஆஸ்பத்திரித் தாதியை மிஸ்ஸி என்று கூப்பிட்டுப் பழகிய ஜனங்கள் என்னையும் மிஸ்ஸி ஆக்கிவிட்டார்கள். பயிற்சிக் காலத்தில் மாடு, ஆடு, தடுப்பூசி என்று ஓடியதில் கோழிப் பூச்சிக்கு ஒரு பிற்பகல்தான் ஒதுக்கினார்கள். மீதியைக் கற்றுக்கொண்டது டாக்டர் ஜாலேஹாவிடம்.

டாக்டர் ஜாலேஹா எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். மூவார் பக்கத்து மலாய்க்காரப் பெண்மணி, ஒல்லியான உருவம். சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மலாயில் பேசுவார், நான் இங்கே தமிழில் சொல்கிறேன். கோழி வளர்க்கிறவர் வீட்டுக்குப் போனால் முதலில் கூட்டுக்குள் போக மாட்டார். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக நின்றுகொண்டு கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பார். பிறகு கையுறை. பிறகு வெள்ளைக் காகிதம். கோழி உட்காருகிற கட்டைக்கு அடியில் காகிதத்தைப் பிடித்து, கட்டையைத் தட்டச் சொல்வார். விழுந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, காலை எண்ணச் சொல்வார்.

ஆறு கால், வைக்கோல் நிறம், கோழியின் பின்பக்கத்து இறகடியில் குடியிருந்தால் அது பேன். கோழியை விட்டு வெளியே வந்தால் அதிக நாள் பிழைக்காது. எட்டுக் கால், மணல் அளவு, ரத்தம் குடிக்குமுன் சாம்பல் நிறம், குடித்த பின் கருஞ்சிவப்பு என்றால் அது செள்ளு. பகலில் கட்டை இடுக்கிலும் அடைவைக்கோலிலும் ஒளிந்துகொள்ளும், இருட்டினதும் வெளியே வந்து கோழிமேல் ஏறும். கோழி கிடைக்காவிட்டால் மனிதரையும் கடிக்கும். பேனுக்குக் கோழியைக் கவனிக்க வேண்டும். செள்ளுக்குக் கூட்டைக் கவனிக்க வேண்டும். இரண்டும் தெரியாமல் மருந்தைக் கையில் எடுத்தால் எதற்கு அடிக்கிறோம் என்றே தெரியாது. "பெயர் தெரியாத பூச்சிக்கு என்னிடம் மருந்து கிடையாது" என்பார் டாக்டர். எனக்கு மட்டும் இல்லை, ஊரில் பெரிய மனிதர்கள் வந்து நின்றாலும் அதே பதில்தான்.

அவரோடு உலு திராமுக்குப் போன ஒரு நாள் ஞாபகத்தில் இருக்கிறது. சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் வீட்டுக் கோழிகளுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாக மிளகு ஒட்டினது போல இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு கோழியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் டாக்டர் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இந்தத் துணியைக் கொஞ்ச நேரம் நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். பாய் கொடுத்துவிட்டார். பிறகு பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தலையைத் தோலுக்குள் புதைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிற ஒருவகைத் தெள்ளுப்பூச்சி அது. வாஸ்லினைத் தடவி மூச்சுமுட்ட வைத்தோம். கூட்டுத் தரையில் ஈர மண்ணை வழித்தெடுத்துக் காயவைத்தோம். "அந்தத் துணி கண்ணுல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும் டாக்டர்?" என்று பாயே பிறகு கேட்டார். அதற்கும் டாக்டர் அவரைக் குற்றம் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது காரில் என்னிடம் சொன்னார்: "பயந்துபோய் இருக்கிற ஆளை நாம் திட்டினால் அடுத்த முறை நம்மிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்." அன்று அது எனக்கு அவருடைய சுபாவமாகத் தெரிந்தது. வேலைக்கு அது எவ்வளவு தேவை என்பது பெக்கோக்கில்தான் தெரிந்தது.

அப்போது நான் செகாமாட் வட்டாரத்துக்கு மாற்றலாகி இருந்தேன். டாக்டரும் அங்கேதான். பெக்கோக்கிலிருந்து சாந்தி என்ற பெண்மணி அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தார். அடை உட்கார்ந்த கோழிகள் முட்டையை விட்டு எழுந்து ஓடுகின்றன, கொண்டையெல்லாம் வெளுத்துப்போயிற்று, இரண்டு செத்துவிட்டன, கூட்டுக்குள் போய் வந்தால் தனக்கும் கையெல்லாம் அரிக்கிறது என்றார். கேட்கும்போதே செள்ளாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் காலை வருவதாகச் சொல்லி, அதுவரை எதையும் அடிக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

சாந்தியின் வீடு பழைய தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடமைப்பில் கடைசி வீடு. பின்னால் பலகைக் கூடு, அதற்குப் பின்னால் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம். பிக்கப்பை நிறுத்தி இறங்கியபோதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. கோழிச் சத்தமே இல்லை. பூண்டு அழுகினது போல ஒரு வாடை காற்றில் இருந்தது. கூட்டுக்குப் பக்கத்தில், தோளில் மாட்டுகிற மருந்து பம்பு ஒன்று சாய்ந்து கிடந்தது.

சாந்தியின் கணவர் ஆறுமுகம் பின்வாசல் படியில் கைலியோடு, வெற்றுடம்பாக உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுபவர், நல்ல திடமான ஆள். வெயில் இன்னும் ஏறாத நேரத்தில் அவர் உடம்பில் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

"காலையிலேயே அடிச்சிட்டாரு மிஸ்ஸி," என்றார் சாந்தி. "நீங்க சொன்னத நான் சொன்னேன். கேக்கல. ராத்திரியெல்லாம் எனக்கு அரிச்சிச்சின்னு அவருக்குக் கோவம். இப்ப வயித்து வலிங்கிறாரு, ரெண்டு தடவ வாந்தி எடுத்தாரு. கேஸ்டிரிக்னு நெனச்சேன்."

"ஒண்ணுமில்ல மிஸ்ஸி, காத்து," என்று ஆறுமுகம் சிரிக்கப் பார்த்தார். வாயோரத்தில் எச்சில் வழிந்தது. துடைத்தார். மறுபடி வழிந்தது.

நான் அவர் முன்னால் குனிந்து கண்ணைப் பார்த்தேன். கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கண்ணிமை தானாகத் துடித்தது. பம்பு ஒழுகியிருக்க வேண்டும், அவர் முதுகில் பட்டையாக ஈரம் காய்ந்த தடம் தெரிந்தது. பூச்சிமருந்து உடம்பில் ஏறிய மாட்டை நான் பார்த்திருக்கிறேன். மனிதரை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"என்ன மருந்து இது?"

"தெரியல மிஸ்ஸி. தண்ணி போத்தல்ல இருந்திச்சி."

குடிதண்ணீர் போத்தல். லேபிள் குடிதண்ணீர்க் கம்பெனியுடையது. அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

கையுறையைப் போட்டுக்கொண்டேன். கைலியை அவிழ்க்கச் சொல்லி, குழாயடியில் நிறுத்தி, தலையிலிருந்து சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். சாந்தியைத் தொட விடவில்லை. அவிழ்த்த துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். போத்தலை இன்னொரு பையில் எடுத்துக்கொண்டேன். அதற்குள் அக்கம்பக்கத்து ஆட்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். "கோழிக் காய்ச்சலா? மனுசனுக்கும் தொத்திக்கிச்சா?" என்று ஒருவர் கேட்டார். உடனே பின்னால் நின்றவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். "காய்ச்சல் இல்ல, மருந்து ஏறிடுச்சி. யாரும் கூட்டுப் பக்கம் போகாதீங்க," என்று சொல்லிக்கொண்டே அவரைப் பிக்கப்பில் ஏற்றினேன். ஏறும்போது அவர் கால் பின்னியது.

கிளினிக் பக்கம்தான். ஆனாலும் அந்தச் சாலை அன்று நீண்டுகொண்டே போனது. சன்னல்களைத் திறந்துவிட்டேன். சாந்தி பின்னாலிருந்து, "என்னங்க, பேசுங்க. ஏதாச்சும் பேசுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறுமுகத்தின் மூச்சில் நீர் கொப்பளிப்பது போலச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

கிளினிக்கில் இருந்தவர் ஓர் இளம் டாக்டர், தமிழ்ப்பிள்ளை. பார்த்தவுடனே புரிந்துகொண்டார். நான் விளக்கம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பிராணவாயு வைத்து, ஊசி போட்டு, செகாமாட் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"முதல் மருந்து ஏத்திட்டேன். அடுத்தது என்னன்னு முடிவு பண்ண, இவரு எத அடிச்சாருன்னு தெரியணும். இந்த அடையாளம் காட்டுற மருந்துலயே ரெண்டு மூணு வகை இருக்கு. அதோட, தோட்டத்துல ரெண்டு மூணு மருந்த ஒரே போத்தல்ல கலந்து வச்சிருப்பாங்க. களையக் கொல்ற புல்லு மருந்தும் சேர்ந்திருந்தா வைத்தியமே வேற. யாரு குடுத்தாங்க?"

சாந்தி என் முகத்தைப் பார்த்தார், டாக்டர் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "என் தம்பி குணா," என்றார். "எஸ்டேட்டு ஸ்டோர்ல வேல பாக்கிறான்."

குணாவுக்குப் போன் போட்டார் சாந்தி. ஒலிபெருக்கியில் வைத்தோம்.

"குணா, மாமாவுக்கு நீ குடுத்த மருந்து என்னடா?"

"நான் ஒண்ணும் குடுக்கலியே அக்கா."

"டேய், நேத்து சாயங்காலம் நீதானடா..."

"நான் குடுக்கல. யாரு கேட்டாலும் நான் குடுக்கலன்னு சொல்லு." வைத்துவிட்டான்.

சாந்தி மறுபடி மறுபடி போட்டார். எடுக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஆறுமுகம் இருமுகிற சத்தமும் உறிஞ்சு குழாயின் சத்தமும் கேட்டன. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பையன் எதிரில் இருந்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

டாக்டர் ஜாலேஹாவைக் கூப்பிட்டேன். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு கேட்டார்: "அந்தப் பையனிடம், நீ கொடுத்தாயா என்று கேட்டீர்களா?"

"ஆமாம்."

"அதை மட்டும் இனிமேல் கேட்க வேண்டாம். அவன் பயந்திருக்கிறான். உங்கள் போனிலிருந்து கூப்பிட்டு, ஸ்டோரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். டின் என்ன நிறம், பட்டை என்ன நிறம். பெலான் பெலான். நடக்காததை எதுவும் வாக்குக் கொடுக்காதீர்கள்."

பெலான் பெலான் என்றால் மெதுவாக, நிதானமாக. நான் வாசலுக்கு வந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். பிறகு குணாவைக் கூப்பிட்டேன். புது நம்பர் என்பதால் எடுத்தான்.

"குணா, நான் கால்நடை இலாகா மிஸ்ஸி பேசுறேன். நீங்க குடுத்தீங்களான்னு நான் கேக்கப் போறதில்ல. உங்க ஸ்டோர்ல பூச்சி மருந்து டின்னு என்ன கலர்ல இருக்கு?"

பின்னால் லாரி ஒன்று உறுமுகிற சத்தம் கேட்டது.

"குணா?"

"வெள்ள டின்னு மிஸ்ஸி. செவப்புப் பட்ட போட்டிருக்கும். பைப்புழுவுக்கு உள்ளது. மரத்துல ஓட்ட போட்டு உள்ள ஊத்துறது."

செம்பனை ஓலையைத் தின்கிற பைப்புழுவுக்காக மரத்தைத் துளைத்து உள்ளே செலுத்துகிற மருந்து அது. வெளியே தெளிப்பதற்கே ஆகாது. அதைத்தான் ஆறுமுகம் மூடிய கூட்டுக்குள், சட்டைகூடப் போடாமல் அடித்திருக்கிறார்.

"வேற எதும் அதுல கலந்ததா?"

"இல்ல மிஸ்ஸி. அது மட்டுந்தான்... மாமா எப்படி இருக்காரு?"

"மூச்சு விடச் சிரமப்படுறாரு. டாக்டருக்கு டின்னுல உள்ள பேரு வேணும். லேபிளப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?"

"மேனேஜர் இங்கதான் இருக்காரு மிஸ்ஸி. டின்ன எடுத்தா ஏன் எதுக்குன்னு கேப்பாரு. என் வேல போயிடும்."

போகாது என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. டாக்டர் ஜாலேஹா சொன்னதை நினைத்து அடக்கிக்கொண்டேன். "போனாலும் போகலாம் குணா. எனக்குத் தெரியல. டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு."

அவன் போனை வைத்துவிட்டான்.

அதன் பிறகு காத்திருந்ததுதான் என் வேலைக்காலத்திலேயே மோசமான நேரம். போனைப் பார்ப்பேன், கதவைப் பார்ப்பேன். சாந்தி நாற்காலியில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், "காலையில எடுத்த முட்டைய அடுப்படியில வச்சிருக்கேன் மிஸ்ஸி, யாரும் சாப்பிட்டிருப்பாங்களோ?" என்று திடீரென்று கேட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது அவருக்கே மறந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, அடுப்படிக் கதவைப் பூட்டச் சொன்னோம். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது.

அப்போது என் போன் ஒலித்தது. ஒரு படம், மங்கல். எழுத்தே தெரியவில்லை. அடுத்த படம் தெளிவாக வந்தது. வெள்ளை டின், சிவப்புப் பட்டை, மருந்தின் பெயர், என்ன வகை என்பது, விஷம் ஏறினால் என்ன கொடுக்க வேண்டும் என்பது வரை. நான் ஓடிப்போய் டாக்டரிடம் நீட்டினேன். அவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "புல்லு மருந்து இல்ல," என்று மூச்சு விட்டார். படத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஆறுமுகத்தோடு தானே ஆம்புலன்சில் ஏறிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் சாலைமுனையில் திரும்பி மறைவதற்குள் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. தோட்டத்துப் பூட்சுக் காலோடு குணா. "மேனேஜர்கிட்ட நானே சொல்லிட்டேன் மிஸ்ஸி," என்றான். "சொல்லிட்டுத்தான் ரெண்டாவது படத்த எடுத்தேன்." அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாந்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவன் தோளில் சாய்ந்து அழுதார்.

ஆறுமுகம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்து வந்தார். ஆனால் வெகுநாள் கையில் பிடிப்பு இல்லாமல் இருந்தது. வேன் ஓட்டுகிற வேலையை அவரால் உடனே தொடர முடியவில்லை. குணாவை ஸ்டோரிலிருந்து எடுத்து வெளிவேலைக்குப் போட்டார்கள். ஸ்டோருக்கு அதன் பிறகு இரட்டைப் பூட்டு வந்தது என்று கேள்விப்பட்டேன்.

கூட்டைப் பார்க்க டாக்டர் ஜாலேஹாவே வந்தார். வழக்கம்போலக் காற்று பார்த்து நின்றார். கோழிகளில் பாதி செத்துக் கிடந்தன. மீதி இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தலை ஆட நின்றன. நான் முகமூடியும் நீளக் கையுறையும் போட்டுக்கொண்டு உள்ளே போய், கோழி உட்காருகிற கட்டை ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்தேன். மேல்பக்கத்தில் செள்ளு செத்து மாவாக உதிர்ந்தது. டாக்டர் கத்திமுனையால் கட்டையின் விரிசலைப் பிளந்து காட்டினார். உள்ளே கருஞ்சிவப்பாக மொய்த்துக்கொண்டிருந்தது, உயிரோடு. மருந்து அங்கே போய்ச் சேரவே இல்லை. ஒரு மனிதரைச் சாவு வரைக்கும் கொண்டுபோன மருந்து, கொல்ல நினைத்ததைப் பாதிகூடக் கொல்லவில்லை.

மிச்சக் கோழிகளைக் காப்பாற்ற முடியுமா என்று சாந்தி கேட்டார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முடியாது என்றார். இறைச்சியும் ஆகாது, முட்டையும் ஆகாது. பலகைகளைக் கொளுத்திவிடலாமா என்று நான் கேட்டதற்கும் வேண்டாமென்று தலையசைத்தார். விஷம் ஊறிய பலகையின் புகை ஊர்மேல் போகும். எல்லாவற்றையும் முறைப்படி அப்புறப்படுத்த ஏற்பாடு செய்தோம். குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுக் கோழிகளைப் புதைத்தபோது சாந்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பல மாதங்கள் கழித்து அவரே கூப்பிட்டார். மறுபடி கோழி வளர்க்க வேண்டும், பயமாகவும் இருக்கிறது என்றார். பழைய இடத்தை விட்டுத் தள்ளி, வீட்டின் இன்னொரு பக்கத்தில் புதுக் கூடு போட்டோம். உட்கார்ந்து தூங்க மரக்கட்டைக்குப் பதில் வழுவழுப்பான குழாய். கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவுகிற மாதிரி மாட்டினோம். அடைப்பெட்டியில் வைக்கோலை ஒவ்வொரு அடைக்கும் மாற்ற வேண்டும். கோழிகள் புரள ஒரு பெட்டியில் காய்ந்த மண். எச்சம் ஈரமாகக் கிடக்கக் கூடாது, ஈப்புழு வைத்துவிடும். வாரம் தவறாமல் வெள்ளைக் காகிதம். மருந்து என்று ஒன்று தேவைப்பட்டால், கோழிக்கென்று லேபிளில் எழுதியிருப்பது மட்டும், எழுதியிருக்கிற அளவு மட்டும், எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதைப் படித்த பிறகு மட்டும்.

முதல் முட்டை வந்தவுடன் என்னை வரச் சொன்னார். போனேன். சமையலறை மேசையில் ஆறுமுகம் உட்கார்ந்திருந்தார். சாந்தி அவித்த முட்டையை இரண்டாக வெட்டித் தட்டில் வைத்தார். கணவர் கையை நீட்டியதும் தட்டை என் பக்கம் இழுத்தார்.

"நீங்க மொதல்ல சாப்பிடுங்க மிஸ்ஸி."

சிரிப்பில்லாமல்தான் சொன்னார். நான் அவரைப் பார்த்தேன். கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடு புதிது, மண் புதிது, கோழி புதிது. ஒரு துளி மருந்தும் அங்கே படவில்லை என்பது எனக்குத் தெரியும். நானே நின்று செய்த வேலை. இருந்தும் அந்தப் பாதி முட்டையை எடுத்தபோது என் கை ஒரு கணம் தயங்கியது. சாந்தி அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிட்டார்.

உப்புத் தொட்டுக்கொண்டு வாயில் போட்டேன். மென்று விழுங்கினேன். சாந்தி என் கண்ணையும், வேர்க்கிறதா என்று நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். வெகுநேரம் கழித்துத்தான் தட்டைக் கணவர் பக்கம் தள்ளினார்.

ஆறுமுகம் மற்றப் பாதியை எடுத்தார். விரல்கள் இன்னும் லேசாக நடுங்கின. "உப்பு பத்தல," என்றார்.